மூன்று வருடமாக இப்போதைக்கு

அடுத்தவர் பேச்சை நான் ஒட்டுக்கேட்பதே இல்லை. பொய்தான். பள்ளிக்கூடத்தில் கொடுக்காத காதையெல்லாம் இப்போது மெட்ரோவில் கொடுத்துக்கொண்டிருக்கிறேன். நேற்று மல்லேஸ்வரத்தில் இரண்டு பெண்கள் ஏறி என் பக்கத்தில் நின்றார்கள்.

"அவன் 'இப்போதைக்கு'ன்னு சொல்லாத நாளே இல்லடி," என்றாள் கண்ணாடி போட்டவள்.

"அதுல என்னடி தப்பு?"

"இப்போதைக்கு இந்த வேலை. இப்போதைக்கு இந்த ரூம். இப்போதைக்கு நம்ம விஷயத்த வீட்ல சொல்ல வேணாம். மூணு வருஷமா இதேதான்."

"எங்க ஹவுஸ் ஓனரும் 'சத்யக்கே இரி'ன்னு கன்னடத்துல அதத்தான் சொன்னாரு. ஆறு வருஷமா இருக்கோமே!" என்று சிரித்தாள் தோழி.

"நீ வாடகைக்கு இருக்க. நான் அவனோட வாழணும்டி."

தோழி சிரிப்பை நிறுத்தினாள். கண்ணாடிக்காரியின் போன் அதிர்ந்தது.

"ஞாயித்துக்கிழமை அவங்கம்மா வர்றாங்களாம். என்னையும் வரச் சொல்றான்."

"பாத்தியா!"

"இரு. 'இப்போதைக்கு ஃப்ரெண்டுன்னு சொல்லிக்கலாம்'னு போட்டிருக்கான்."

போனில் வேகமாகத் தட்டினாள்.

"கட்டிக்கப்போற பொண்ணுன்னு சொன்னா வரேன், இல்லன்னா வரலன்னு போட்டுட்டேன்."

"பாத்துட்டானா?"

"பாத்துட்டான். டைப் பண்றான்டி… நிறுத்திட்டான்… மறுபடி டைப் பண்றான்."

நானும் கழுத்தை நீட்டினேன்.

"யோவ், பீன்யா வந்துடுச்சு, இறங்குய்யா!" என்று கதவருகிலிருந்து கத்தினான் என்னோடு வேலை செய்பவன்.