லைன் வீட்டில் ஒரே ஒரு ழ

ரேகா: இன்னொருக்கா சொல்லுங்ணா.

வேலன்: வாழை. கோழி. மழை. போதுங்களா அம்மிணி?

ரேகா: நாக்கு அப்படியே மடங்குது... இந்த எஸ்டேட்ல நாப்பது பேரு பேசினதப் பதிவு பண்ணிட்டேன். யாருக்கும் ழ வரலைங்க. உங்களுக்கு மட்டுந்தான்.

வேலன்: எங்கூட்டுக்காரிக்கும் வரும். சுசீலா, சொல்லிக் காட்டு.

சுசீலா: வாளை. கோளி. மளை.

வேலன்: பாத்தீங்களா? கல்யாணமாகி வந்தப்பவே இவ பேச்சு அப்படித்தான். சுத்தம்!

ரேகா: ...ஆமாங்ணா.

சுசீலா: தேயிலை வெல விளுந்து பாக்டரியே வாரம் ரெண்டு நாளுதான் ஓடுது. நீங்க குன்னூர்ல இருந்து பஸ் புடிச்சு வந்து ஒத்தை எளுத்த தேடறீங்களே கண்ணு!

ரேகா: டச்சுக்காரங்க நாட்டுல இப்படித்தான் ஒரு சத்தம் மாறிட்டு வருதுங்க்கா. வாய் மொதல்ல மாறுதா, காது மொதல்ல மாறுதான்னு அங்க பாத்துட்டு இருக்காங்க. எங்க புரொபசர் அதையே இங்க ழ-வ வச்சுப் பாக்கறாரு. அடுத்தது காதுக்கு ஒரு டெஸ்ட்டு...

சுசீலா: நேத்து பக்கத்து ஊட்டுல பண்ணுனீங்களே, அதுங்களா? அந்தப் பேப்பரு... ஆபீசுக்குப் போகுமா?

ரேகா: போகாதுங்க. ஏன்?

சுசீலா: ஆளக் கொறைக்கறாங்க. காது மந்தமானவங்கள மொதல்ல நிறுத்தறாங்களாம்.

ரேகா: காலேஜத் தாண்டாதுக்கா. அண்ணா, டேப்புல ரெண்டு வார்த்தை வரும். ரெண்டும் ஒன்னா, வேறயா... அவ்வளவுதான்.

வேலன்: போடுங்க, போடுங்க! இருபத்திரண்டு வருசம் மெஷின் பக்கத்துல நின்ன காது. சுசீலா, நீ எதுக்க வந்து உக்காரு.

ரேகா: இது?

வேலன்: வேற.

ரேகா: இது?

வேலன்: ஒன்னு.

ரேகா: இது?

வேலன்: வேற. ரைட்டுங்களா?

ரேகா: எல்லாமே ரைட்டு... அக்கா, ஏன் முந்தானையத் திருகிட்டே இருக்கீங்க?

சுசீலா: குளுருதுல்ல... ஐயோ, பாலு! இருங்க, வந்தர்றேன்.

ரேகா: ...இது?

வேலன்: வேற.

ரேகா: இது?

வேலன்: ம்... ஒன்னு.

ரேகா: ...சரிங்ணா.

சுசீலா: ஏனுங்க... ஏனுங்க, இங்க பாருங்க. பாக்டரிச் சங்கு ஊதியாச்சு.

வேலன்: அட! பேச்சு சொவாரசியத்துல கவனிக்கல. வாரேன் அம்மிணி. மார்க்கக் கொறைச்சராதீங்க!

ரேகா: ...போயிட்டாருங்களா?

சுசீலா: போயிட்டாரு. டீ ஆறுது, குடிங்க.

ரேகா: அக்கா... நீங்க உள்ள போனப்ப நான் டேப்பப் போடவே இல்லைங்க.

சுசீலா: டீக்கு சக்கரை போதுங்களா, கண்ணு?

ரேகா: அண்ணன் பதில் சொல்லிட்டே இருந்தாரு.

சுசீலா: வேறன்னா திருகுவேன். ஒன்னுன்னா உட்டுருவேன். காலைல பேசி வச்சுக்கிட்டோம். இவரு மட்டும் பேச மாட்டேன்னா லைனே சந்தேகப்படும்... மெஷின் சத்தத்துல போனதுங்க. பேச்சு வெளங்கிப் பன்னெண்டு வருசமாச்சு. வாயப் பாத்தே சமாளிக்கறாரு.

ரேகா: இந்தாங்க.

சுசீலா: என்னது... கிளிச்சுட்டீங்களா?

ரேகா: காது டெஸ்ட்டுப் பக்கம். அடுப்புல போட்டுருங்க. அவரு சொன்னத மட்டும் நான் வச்சுக்கறேன். அந்த ழ வேற யாருகிட்டயும் இல்லைங்க்கா.

சுசீலா: எப்படி இருக்கும்? நாங்கல்லாம் ஒருத்தர ஒருத்தர் கேட்டுக் கேட்டு மாறிட்டோம். அவருதான் கேக்கலையே.

ரேகா: அப்ப நீங்களும் முன்ன...

சுசீலா: பொண்ணு பாக்க வந்தப்ப என் பேச்சுதான் புடிச்சிருக்குன்னாரு. அது போயிருச்சுன்னு அவருக்கு இன்னும் தெரியாது... நீங்களும் சொல்லிராதீங்க, கண்ணு.