முதல் கட்டிலின் சிலிண்டர்

வார்டில் ஃபினாயிலை அதிகமாக ஊற்றக் கூடாது. வாசனை தூக்கலாக இருந்தால், இவர்கள் எதையோ மறைக்கிறார்கள் என்று வருகிறவர்களுக்குத் தோன்றிவிடும். அன்று காலை ஆயா பங்காரம்மாவிடம் நான் முதலில் சொன்னது அதைத்தான்.

அது தொண்ணூற்றாறாம் வருடம், தை மாதம். எங்கள் மருத்துவக் கல்லூரியின் தரத்தைப் பார்க்க வெளிநாட்டிலிருந்து ஒரு குழு வந்தது. அவர்கள் ஒப்புக்கொண்டால், கோயமுத்தூரில் படித்த பிள்ளைகள் கடல் தாண்டிப் போயும் வைத்தியம் பார்க்கலாம். எனக்கு அது பெரிய கனவு. நான் நுரையீரல் மருத்துவம் கற்பிக்கிறவள். வார்டைத் தயார் செய்யும் பொறுப்பும் என்னுடையது.

காலியாகக் கிடந்த கட்டில்களில் பக்கத்து மில் ஆட்களை வரவழைத்து நோயாளிகள் மாதிரி படுக்க வைத்தோம். அதில் யாருக்கும் கெடுதல் இல்லை. கட்டிலுக்கு ஒரு ஆக்சிஜன் சிலிண்டர் இருக்க வேண்டும் என்பது அவர்களுடைய விதி. ஈரோட்டில் இரவல் வாங்கியும் ஒன்று குறைந்தது. வாசலை ஒட்டிய முதல் கட்டிலுக்கு இல்லை.

மூலைக் கட்டிலில் ராசாத்தாள் இருந்தார். பவானிக்காரர். ஆக்சிஜனில்தான் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

"அந்தம்மாளையே சிலிண்டரோட இங்க கொண்டாந்து போட்றலாமுங்க" என்றாள் பங்காரம்மா.

யோசித்துத்தான் வேண்டாம் என்றேன். உள்ளே நுழைகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது நீலம் பாரித்த உதடாக இருக்கக் கூடாது.

ராசாத்தாளின் முகமூடியை நானே கழற்றினேன். வேறு வார்டுக்கு மாற்றுகிறோம் என்றேன்.

"செரிங்க கண்ணு" என்று என் கையைத் தட்டிக்கொடுத்தார்.

விடுதிக்குப் பின்னால் நின்ற கல்லூரிப் பேருந்தில், கடைசி இருக்கையில் படுக்க வைத்தோம். கணவர் பாலுசாமி கூடவே உட்கார்ந்தார்.

காலியான மூலைக் கட்டிலைத் திரையால் மறைத்து, சிலிண்டரை முதல் கட்டிலுக்கு நகர்த்தினோம். முகமூடியை அங்கே படுத்திருந்த மில் தொழிலாளி நரசிம்மலுவுக்கு மாட்டினேன்.

"டாக்டரம்மா, ஊட்டிக்கே போயிட்டாப்ல குளுகுளுன்னு இருக்குதுங்க. நாளைக்கும் வரட்டுங்களா?"

வார்டே சிரித்தது. நானும் சிரித்தேன்.

வந்தவர்கள் நல்லவர்கள். அவசரப்படாமல் பார்த்தார்கள். முதல் கட்டிலருகே நின்று பாராட்டிக்கொண்டிருந்தபோது, வாசலில் பாலுசாமி வந்து நின்றார். தோள் துண்டு இடுப்புக்கு இறங்கியிருந்தது.

"ஏனுங்க டாக்டரம்மா" என்றார் மெதுவாக. "எங்கூட்டுக்காரிக்குப் பேச்சே வர்லீங்க."

பொறுங்கள் என்று கை காட்டினேன்.

"பெரியவங்க வந்திருக்காங்களாட்ட இருக்குது. நீங்க பாருங்க. நா நிக்கறேனுங்க."

நின்றார்.

ஆக்சிஜன் இல்லாமல் அந்த நுரையீரல் எவ்வளவு நேரம் தாங்கும் என்பது மாணவர்களுக்கு நான் நடத்தும் பாடம். அந்த நேரம் ஓடிக்கொண்டிருப்பது அவர் முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்தது. அப்போது குழுவின் தலைவர், மாணவர்களுக்கு முதலில் என்ன கற்றுத்தருகிறீர்கள் என்று கேட்டார். நோயாளி சொல்வதைக் கேட்க, என்றேன். அவருக்கு அது மிகவும் பிடித்திருந்தது. அதைப் பற்றியே வெகுநேரம் பேசினார்.

அவர்கள் தேநீருக்குப் போன பிறகு பேருந்துக்குப் போனேன். ராசாத்தாளின் உடம்பில் இன்னும் சூடு இருந்தது. கண்களை நான்தான் மூடினேன்.

அங்கீகாரம் கிடைத்துவிட்டது. என் மாணவர்கள் சிலர் இப்போது வெளிநாட்டில் இருக்கிறார்கள்.

நீங்கள் கேட்பதற்கு ஆம் என்றுதான் பதில். தெரிந்தேதான் நின்றேன். அந்த அம்மாளைக் கொன்றது நான்தான், மறுக்கவில்லை. ஆனால் பாலுசாமி அன்று ஒரு தடவைகூடக் குரலை உயர்த்தவில்லை. உயர்த்தியிருந்தால் நான் நிச்சயம் ஓடியிருப்பேன். ஏன் சத்தம் போடவில்லை என்று அவரை யாராவது விசாரித்தீர்களா?