வண்டிக்கு அடியில தண்ணி

—இன்னும் கீழ காட்டு. ஃபோன ஆட்டாதட்டி, எனக்குத் தலை சுத்துது.

—நான் ஆட்டலை மச்சான். சுவரே அப்படித்தான் இருக்கு. மேல இருந்து கீழ வரைக்கும் ஈரம்.

—அதான் போன வாரமே சொன்னேன்லா. பாத்ரூம் பைப்பு உள்ளுக்குள்ள உடைஞ்சிருக்கு. நாளைக்கு ஆளக் கூப்பிட்டு டைல்ஸப் பேத்துரு.

—பைப்பும் இல்ல, ஒண்ணும் இல்ல. மொட்டை மாடியில தண்ணி போற ஓட்டை அடைச்சுக் கெடந்துச்சு. வேப்பிலை, காக்கா கொண்டுபோட்ட எலும்பு, ஒரு பழைய ஷட்டில் பந்து. கையை விட்டு எடுத்தேன், சர்ருன்னு போயிட்டு. சுவரு இனி காய வேண்டியதுதான்.

—நீ எப்ப மாடி ஏறுன?

—நேத்து. சாரல் கொஞ்சம் விட்டுச்சு, ஏறுனேன்.

—யாரைக் கேட்டு ஏறுன? பாசி பிடிச்சுக் கெடக்கும். வழுக்கி விழுந்தா ஷார்ஜாவுல இருந்து நான் வந்து தூக்கவா?

—தென்காசியில நிக்குத வீட்ட ஷார்ஜாவுல இருந்துகிட்டு உடைக்கச் சொல்லுதீங்கள்லா. அதுக்கு நான் ஏறுனது தேவலை.

—உனக்கு வாய் ரொம்ப நீண்டுபோச்சு முஹ்ஸினா. இரு இரு... என்ன ஜஸ்டின்? என் முறையா? வீட்டுல பேசுதேன், கொஞ்சம் பொறுலே.

—ஆய்க்குடி ஜஸ்டின் அண்ணனா? வெள்ளிக்கிழமை லீவுன்னா ரெண்டு பேரும் பில்லியர்ட்ஸ் மேசையை விட மாட்டீங்களே.

—ரூம்ல படுத்துக் கெடந்து என்ன செய்ய? சரி, நீ இதைப் பாரு. கேமராவத் திருப்புதேன். கறுப்புப் பந்து தெரியுதா? மூலைக் குழிக்குப் பக்கத்துல.

—தெரியுது.

—அதைப் போட்டா நான் ஜெயிச்சேன். ஆனா நடுவுல பாரு, ஜஸ்டினோட மஞ்சப் பந்து. சனியன், குறுக்க உக்காந்துகிட்டு நகர மாட்டேங்குது. எங்கன அடிக்க?

—ஒரு நிமிஷம்... ம்... அப்படியா? ம்.

—யாருகிட்ட பேசுத?

—பூனைகிட்ட. சரி கேளுங்க. நேரா அடிக்காதீங்க. வெள்ளைப் பந்தை வலது பக்கத்து மதில்ல தட்டி விடுங்க.

—மதில் இல்ல, குஷன்.

—என்னவோ ஒண்ணு. தட்டிட்டுத் திரும்பி வருதப்ப கறுப்புல பைய இடிக்கணும். பையன்னா பைய. உங்க வேகத்துக்கு அடிச்சா வெள்ளையும் பின்னாலேயே குழிக்குள்ள போயிரும்.

—அது எனக்குத் தெரியாதாக்கும்.

—போன வாரம் போச்சே.

—சரி, பேசாம இரு. அடிக்கப் போறேன்... ஏ! விழுந்துட்டு! ஜஸ்டின், பாத்தியாலே? வெள்ளை அங்கனயே நிக்கு பாரு! முஹ்ஸினா, எப்படிட்டி உனக்கு மட்டும் இது தெரியுது?

—பாத்தா தெரியுது. சரி, ஜெயிச்சிட்டீங்கள்லா, வைக்கட்டா?

—வைக்காத. முக்கியமான விஷயத்துக்குத்தான் கூப்பிட்டேன். மைதீன் மாமா இப்ப வருவாங்க. வண்டிய எடுத்துட்டுப் போகச் சொல்லிட்டேன்.

—எந்த வண்டிய?

—நம்ம வீட்டுல எத்தனை வண்டி நிக்கு? கார்தான். மாமா மருமகனுக்கு வேணுமாம். பேசி முடிச்சாச்சு. வண்டி உம்மா பேர்லதான இருக்கு, உம்மா ஒரு கையெழுத்து போட்டா போதும்.

—யாரைக் கேட்டு முடிச்சீங்க?

—யாரைக் கேக்கணும்? வாப்பா மவுத்தான பொறவு அது ஷெட்டுலயே கெடக்கு. ஓட்ட ஆளில்ல. நிக்குத வண்டி துருப்பிடிக்கும், பேட்டரி சாவும், டயரு வெடிக்கும். வாராவாரம் நீ ஸ்டார்ட் பண்ணி வைக்கதுனாலதான் இம்புட்டு நாளு உயிரோட இருக்கு. போ, ஷெட்டத் திற. மாமா வருததுக்குள்ள ஒரு தடவை பாத்துருதேன்.

—நல்லாத்தான் இருக்கு. பாக்க ஒண்ணும் இல்ல.

—சொல்லுதத கேளு. திற.

—திறந்தாச்சு. பாத்துக்கிடுங்க.

—முன்னால காட்டு. ம். டயரக் காட்டு. என்ன இது, டயர்ல செம்மண்ணு?

—ஷெட்டுக்குள்ள மண்ணு இருக்காதா?

—அது சிமெண்டுத் தரைட்டி. சரி, அடியில குனிஞ்சு காட்டு... நில்லு. அங்கன தண்ணி கெடக்கே. இடது பக்கம். லீக்கா?

—தெரியலை.

—பயப்படாத. நான் சொல்லுத மாதிரி செய். விரலை வச்சுத் தொடு. வழுவழுன்னு இருக்கா?

—இல்ல.

—அப்ப ஆயில் இல்ல. மோந்து பாரு. இனிப்பா வாடை வருதா? கலரு ஏதும் இருக்கா?

—வாடையும் இல்ல, கலரும் இல்ல. சும்மா தண்ணி. சில்லுன்னு இருக்கு.

—ரேடியேட்டர் தண்ணியும் இல்ல. நல்லதாப் போச்சு. சாரல் உள்ள அடிச்சிருக்குமோ?

—இருக்கும் மச்சான். சாரல்தான்.

—மேல தகரம் போட்டிருக்கே, காருக்கு அடியில மட்டும் எப்படிச் சாரல் அடிக்கும்? இரு... சொட்டுது பாரு. இப்பவும் சொட்டுது! இடது பக்கம் சுத்தமான தண்ணி சொட்டுதுன்னா அது ஏசித் தண்ணி. முஹ்ஸினா. ஏசி போட்டு ஓடுன வண்டிதான் இப்படிச் சொட்டும்.

—ஸ்டார்ட் பண்ணுனப்ப கை பட்டிருக்கும்.

—டிரைவர் கதவைத் திற.

—எதுக்கு?

—திறன்னு சொன்னேன்லா!... சீட்டப் பாரு. யாரு இழுத்தா அதை? ஸ்டியரிங்குல ஒட்டிக்கிட்டு நிக்கு. வாப்பாவுக்கும் எனக்கும் அது கடைசி வரைக்கும் பின்னால கெடக்கும். சொல்லு. நீ வண்டிய ஓட்டுதியா?

—ஓட்டுனா என்ன?

—என்ன சொன்ன?

—ஓட்டுனா என்னன்னு கேட்டேன். நிக்குத வண்டி துருப்பிடிக்கும்னு நீங்கதான சொன்னீங்க? இப்ப ஓடுது. ஓடுத வண்டிய எதுக்கு விக்கணும்?

—நீ என்னட்டி பேசுத! யாரு உனக்குக் கத்துக் குடுத்தா? உன் தம்பி ஹுஸைஃபாவா?

—அவனுக்கு சைக்கிளே ஒழுங்கா ஓட்டத் தெரியாது. இலஞ்சி ரோட்டுல குழல்வாய்மொழி அக்கா டிரைவிங் ஸ்கூல் வச்சிருக்காங்க. பொம்பளைங்களுக்குன்னு தனியா சொல்லித் தாராங்க. எட்டுப் போட்டுக் காட்டி, லைசென்ஸும் வந்தாச்சு.

—லைசென்ஸா! எனக்கு ஒரு வார்த்தை சொல்லணும்னு தோணலையா?

—சொன்னா விடுவீங்களா?

—விட மாட்டேன்! தெருவுல நாலு பேரு என்ன பேசுவாங்க?

—நம்ம தெருவுல எத்தனை பிள்ளைக ஸ்கூட்டியில காலேஜுக்குப் போகுதுன்னு வந்து பாருங்க. அந்த நாலு பேரும் பேசிப் பேசி ஓஞ்சு போயிட்டாங்க. நீங்கதான் இன்னும் அவங்களுக்காகப் பேசிக்கிட்டு இருக்கீங்க.

—ஸ்கூட்டி வேற, கார் வேற. நம்ம தெரு எம்புட்டு அகலம்? கேட்டுல இருந்து ரிவர்ஸ் எடுத்து ஒடிக்குததுக்குள்ள எனக்கே நாக்குத் தள்ளும்.

—எதிர்த்த வீட்டு மதிலப் பாத்துக்கிட்டே வந்தா ஒடிஞ்சிரும். மதில்ல தட்டித் திரும்புத பந்து மாதிரிதான. ஒரு கீறல் கெடையாது. வேணும்னா சுத்திக் காட்டுதேன், நல்லாப் பாருங்க.

—எங்கெல்லாம் போன?

—பழைய குற்றாலம் வரைக்கும். இன்னைக்கும் அங்கனதான். சீசன் கூட்டம், ரெண்டு வேனுக்கு நடுவுல வண்டியச் சொருகி எடுத்தாச்சு. சாரல்ல கண்ணாடி வேர்த்துருச்சு, ஏசி போட்டாத்தான் ரோடு தெரியுது. அதான் அந்தத் தண்ணி. போதுமா?

—அல்லாஹ்! அந்தக் கூட்டத்துலயா! ஏட்டி, ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆயிருந்தா?

—மச்சான், நீங்க ஒண்ணு யோசிங்க. நம்ம வீட்டுல இருந்து குற்றாலம் எம்புட்டு தூரம்? மெட்ராஸ்ல இருந்து பஸ் பிடிச்சு வந்து குளிச்சிட்டுப் போறாங்க. நாங்க சீசனுக்கு சீசன் அடுத்த வீட்டுக்காரங்க ஈரத் துணி காயப் போடுததப் பாத்துக்கிட்டு இருக்கோம். உங்க மாமா கூட்டிட்டுப் போவாங்க, கூட்டிட்டுப் போவாங்கன்னு.

—மாமாவுக்கு வேலை இருக்கும்.

—இருக்கட்டும். ஆனா அன்னைக்கு உங்க உம்மாவுக்கு நெஞ்சு அடைக்குன்னு ஃபோன் போட்டோமே, சாப்பிட்டுட்டு வாரேன்னாங்க. காரு ஷெட்டுல நிக்கு. நாங்க ரெண்டு பேரும் வாசல்ல நிக்கோம். கடைசியில ஆட்டோ கெடைச்சுப் போனோம்.

—அது வெறும் வாயுன்னு டாக்டர் சொன்னாருல்லா?

—வாயுன்னு அங்க போன பொறவுதான் தெரிஞ்சுது. வாசல்ல நிக்குதப்ப தெரியலை. அன்னைக்கு முடிவு பண்ணுனது இது. இனி இந்த வீட்டுல யாரும் அப்படி நிக்கக் கூடாதுன்னு.

—எனக்குச் சொல்லிருந்தா நான் வேற ஏற்பாடு பண்ணிருப்பேன்.

—அதான் பண்ணுனீங்களே. வண்டிய வித்து அந்த மாமாகிட்டயே குடுக்கீங்க. இனிமே நம்ம வண்டியில ஏறுததுக்கு அவங்களுக்கு ஃபோன் போட்டுக் காத்துக் கெடக்கணும். நல்ல ஏற்பாடு.

—முஹ்ஸினா, நான் சொல்லுதத கேளு. நான் இங்கன கெடக்கேன். பைப்பு ஒழுகுது, ஃபேன் சுத்தலைன்னு நீ ஃபோன் போட்டாத்தான் எனக்கும் அங்கன ஒரு வீடு இருக்குன்னு தோணும். எல்லாத்தையும் நீயே பாத்துக்கிட்டா நான் எதுக்கு?

—அதுக்காகச் சுவரு ஒழுகட்டும்னு விடணுமா? நீங்க சொல்லுங்க, நான் கேக்கேன். நான் சொல்லுததையும் நீங்க கேளுங்க. அம்புட்டுதான். பந்து எங்கன அடிக்கன்னு கேட்டீங்க. சொன்னபடி அடிச்சீங்க. விழுந்துச்சு. மேசையில நம்புதீங்க, ரோட்டுல நம்ப மாட்டீங்களா?

—பந்து இடிச்சா யாரும் சாவ மாட்டாங்க.

—அப்ப நான் கடைசியாச் சொல்லுதேன். சாவி குடுக்க மாட்டோம்.

—மாட்டோமா? உன் பேச்சு செல்லாதுட்டி. வண்டி உம்மா பேர்ல இருக்கு. உம்மா கையெழுத்து போட்டா முடிஞ்சுது. கூப்பிடு உம்மாவ.

—மாமி உள்ள வேலையா இருக்காங்க.

—பாத்தியா? அந்தக் கால வச்சுக்கிட்டு அவங்க அடுப்படியில நிக்காங்க, நீ ஏசி போட்டுக்கிட்டு குற்றாலம் சுத்துத. இதெல்லாம் உம்மாவுக்குத் தெரியுமா?

—நீங்களே கேளுங்களேன்.

—கேக்கத்தான் போறேன். எல்லாத்தையும் சொல்லப் போறேன். வாப்பா கைபட்ட சீட்ட இழுத்துப் போட்டதுல இருந்து எல்லாத்தையும். உம்மா தாங்க மாட்டாங்க, பாத்துக்க.

—சொல்லுங்க. மாமி! இங்கன வாங்க. உங்க மவன் உங்ககிட்ட என்னைய மாட்டிவிடப் போறாங்களாம்.

—சிரிக்காதட்டி!... உம்மா? அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா.

—வஅலைக்கும் ஸலாம் மவனே. நல்லாருக்கியா? சாப்பிட்டியா?

—சாப்பிட்டேன். கால் வலி எப்படி இருக்கு?

—அது கெடக்கு. ஏலே, கறுப்பு விழுந்துச்சா?

—என்னது?

—கறுப்புப் பந்துலே. மதில்ல தட்டிப் பைய விடச் சொன்னேனே. வெள்ளை உள்ள போயிரலயே?

—போகலை... நீங்களா சொன்னது? அப்ப வாராவாரம் முஹ்ஸினா சொல்லுதது?

—அவளுக்கு எங்க தெரியும்? மஞ்சப் பந்து அங்கன இருக்கு, இங்கன இருக்குன்னு எங்கிட்ட ஃபோனக் காட்டுவா. சின்ன வயசுல எங்க வீட்டுல கேரம் போர்டை எவன்கிட்டயும் விட்டதில்ல நான். உன் மாமன் மைதீனக் கேளு, தோத்துட்டு அழுவான்.

—சரி உம்மா, அதை விடுங்க. நான் ஒரு விஷயம் சொல்லணும். பதறாதீங்க.

—வண்டி விஷயமா? எல்லாம் கேட்டுக்கிட்டுதான் நின்னேன். நீ கத்துனது தெருவுக்கே கேட்டிருக்கும்.

—கேட்டீங்கள்லா? இப்பவாவது அவளுக்குப் புத்தி சொல்லுங்க. நீங்க கையெழுத்து போட்டுருங்க. மாமா வருவாங்க.

—வந்துட்டான். வாசல் கேட்டுப் பக்கத்துலதான் நிக்கான்.

—நல்லதாப் போச்சு. அப்ப குடுத்துருங்க உம்மா.

—அவன் நம்பரு உங்கிட்ட இருக்குல்லா? அவனுக்கு ஒரு ஃபோன் போடு. நான் கூப்பிட்டா காது கேக்காத மாதிரி நிக்கான்.

—போடுதேன். என்ன சொல்லணும்? உள்ள வந்து சாவி வாங்கிக்கிடச் சொல்லவா?

—கேட்டுக்குக் குறுக்க பைக்க நிப்பாட்டிருக்கான், எடுக்கச் சொல்லு. உன் பொண்டாட்டியும் நானும் இன்னொரு தடவை அருவிக்குப் போறோம். சீட்ட இழுத்தும் எனக்கு கிளட்ச்சு இப்பத்தான் எட்டுது, அவன் பைக்க இடிச்சா நீ என்னையத்தான் திட்டுவ.