ஒரு மணி என்றால் நிறுத்து

கம்ப்யூட்டர் தொங்கினால் அணைத்துவிட்டுத் திரும்பப் போடுங்கள் என்று நாங்கள் சொல்வதை எல்லோரும் கிண்டல் செய்கிறார்கள். ஆனால் பெரும்பாலும் அது பலிக்கிறது, சார். அன்றும் அதைச் செய்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். போயிருந்தால் இப்படி விசாரணைக்கு உங்கள் முன்னால் உட்கார்ந்திருக்க மாட்டேன். ஆனால் பிழையும் கிடைத்திருக்காது.

முதியோர் இல்லத்தில் கட்டிலுக்குக் கட்டில் ஒரு பட்டன் இருக்கும். அழுத்தினால் நர்ஸ் மேசையில் மணி அடிக்கும், திரையில் அந்த அறை எண் சிவப்பாகும். நர்ஸ் போய் அங்குள்ள பச்சைப் பட்டனைத் தட்டினால் சிவப்பு அணையும். அந்த மென்பொருள் எங்களுடையது. அதில் மெமரி லீக் இருந்தது. கம்ப்யூட்டரிடம் இடம் வாங்கும், வேலை முடிந்தும் திருப்பித் தராது. ரெண்டு நாள் தங்கிவிட்டுப் போகிறேன் என்று வந்த மச்சான் மாதிரி. முதலில் ஹால் போகும், பிறகு பெட்ரூம் போகும், கடைசியில் வீட்டுக்காரன் வாசலில் நிற்பான். அந்த நிலைக்கு வந்ததும் திரை அப்படியே உறைந்துவிடும்.

எங்கள் டீம் லீட், "டெய்லி காலையில ரீஸ்டார்ட் பண்ணச் சொல்லிட்டு வாடா. லீக்கைக் கண்டுபிடிச்சா உனக்கு என்ன சிலையா வைக்கப் போறாங்க?" என்றார். எனக்கு மனம் ஒப்பவில்லை. நான் வேலையில் நேர்மையானவன். இதைத் தயவுசெய்து எழுதிக்கொள்ளுங்கள்.

லீக் பிடிக்கும் டூல்களைத் தேடினேன். ஒன்று இலவசமாகக் கிடைத்தது. அதை ஓடவிட்டால் மென்பொருள் படுத்துவிட்டது. இன்னொன்று வண்ண வண்ணமாக வரைபடம் போட்டு, மெமரி ஏறுகிறது என்றது. அது எனக்கே தெரியும். மூன்றாவதுதான் உருப்படியானது. மெமரியை ஒருமுறை படம் பிடிக்கும், கொஞ்ச நேரம் விட்டு மறுபடி பிடிக்கும், இரண்டையும் ஒப்பிட்டு எது போகாமல் உட்கார்ந்திருக்கிறது என்று காட்டிக்கொடுக்கும். ஆபீசில் போலி மணிகளை ஆயிரக்கணக்கில் அடித்துப் பார்த்தேன். ஒரு சொட்டு ஒழுகவில்லை. அதனால் டூலோடு இல்லத்துக்கே போனேன்.

ஏழாம் அறையில் ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர் இருந்தார். ஃபேனைக் குறைக்க ஒரு மணி, கூட்ட ஒரு மணி என்று அடித்துக்கொண்டே இருப்பார். நர்ஸ்கள் அவருக்கு பெல் தாத்தா என்று பெயர் வைத்திருந்தார்கள். நான் தேடிய ஆள்.

"தாத்தா, நான் நிறுத்தச் சொல்ற வரைக்கும் அடிச்சுக்கிட்டே இருக்கணும். முடியுமா?"

"முப்பது வருஷம் அடிச்ச கைடா இது. ஆனா கண்டபடி அடிக்க மாட்டேன். ரெண்டு மணின்னா போலாம், ஒரு மணின்னா நிறுத்து. உன் டெஸ்ட்டுக்கு ரெண்டு ரெண்டா அடிக்கிறேன். நெஜமாவே எனக்கு ஏதாச்சும்னா ஒண்ணு. புரியுதா டிரைவரே?"

என்னை யாரும் அதுவரை டிரைவர் என்று கூப்பிட்டதில்லை. பிடித்திருந்தது. புரிகிறது என்றேன்.

மணி அடிக்கும்போதெல்லாம் பெரிய நர்ஸ் எழுந்து ஓட வேண்டுமே என்று எனக்கு இரக்கமாக இருந்தது. அவருக்கு முழங்கால் வலி. "அக்கா, இன்னைக்கு ஏழாம் ரூம் மணியக் கண்டுக்காதீங்க. நான் பாத்துக்கறேன்" என்றேன்.

"நல்லா இருப்பே தம்பி" என்று காலை நீட்டிக்கொண்டார்.

நர்ஸ் மேசைக்குப் பக்கத்திலேயே லேப்டாப்பைத் திறந்து உட்கார்ந்தேன். மணிகள் இரண்டு இரண்டாக வந்தன. மெமரி ஏறியது. ஆபீசில் எனக்குக் காட்டாத முகத்தை லீக் அங்கே காட்டியது. முதல் படத்தைப் பிடித்தேன். இனி இரண்டாவது படம் விழும்வரை யாரும் ஏழாம் அறைக்குப் போய்ப் பச்சைப் பட்டனைத் தட்டக் கூடாது. தட்டினால் தடயம் கலைந்துவிடும்.

அப்போது ஒரு மணி வந்தது. ஒன்றே ஒன்று. கொஞ்சம் இடைவெளி. மறுபடி ஒன்று.

எனக்குப் புரியவில்லை என்று சொல்ல மாட்டேன்.

பெரிய நர்ஸ் எழுந்தார். "தம்பி, தாத்தா அடிக்கிறது வேற மாதிரி இருக்கே. ஒரு எட்டு பாத்துட்டு வந்துரட்டா?"

"டெஸ்ட்தான்க்கா. உக்காருங்க."

உட்கார்ந்தார். ஒன்று. ஒன்று. இடைவெளிதான் நீண்டது, ஒருமுறைகூட அவர் மாற்றி அடிக்கவில்லை. பிறகு மணி வரவில்லை. இரண்டாவது படம் மிகத் தெளிவாக விழுந்தது.

உடலை வாங்க வந்த அவருடைய மகள் என்னிடம்தான் கேட்டார். "அப்பா கூப்பிடவே இல்லையா தம்பி?"

"நெறைய அடிச்சாருக்கா. டெஸ்ட்டுக்கு ரொம்ப உதவியா இருந்தாரு" என்றேன். என் கையைப் பிடித்துக்கொண்டு, அவருக்கு வேலை என்றால் உயிர் என்றார்.

தாத்தா நிறுத்தச் சொன்னார், சார். எனக்குக் கேட்டது. பத்தடி நடந்தால் அவர் கட்டில். நான் எழுந்திருக்கவில்லை, எழுந்தவரையும் உட்காரவைத்தேன்.

பிழை இதுதான். யாரும் போகாத மணியை மென்பொருள் விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது. என்றைக்காவது யாராவது போவார்கள் என்று காத்திருந்தது. ஆபீசில் போலி மணிகளுக்கெல்லாம் உடனே பதில் கிடைத்ததால்தான் அது அகப்படவில்லை. அன்று சாயங்காலமே சரிசெய்துவிட்டேன். இப்போது யாரும் போகாத மணியைக் கொஞ்ச நேரத்தில் மென்பொருள் தானாகவே மறந்துவிடும், சிவப்பும் அணைந்துவிடும். எங்கள் மென்பொருள் ஓடுகிற எல்லா இல்லங்களிலும் அதைப் போட்டாயிற்று. எங்கேயும் தொங்குவதில்லை.

அதற்குப் பிறகு, யாரும் போகாத மணி என்று எந்தத் திரையிலும் ஒன்றுகூட இல்லை, சார். அதையும் எழுதிக்கொள்ளுங்கள்.