தொட்டிக் குழாயின் கீழே மழைமானி

பெயரும் முகவரியும் மேலே எழுதியுள்ளபடி. வயது எழுபத்தெட்டு. எண்பதுக்கு மேல் என்று முதலில் எழுதியிருந்ததை நான் சொல்லி அடித்துத் திருத்தியிருக்கிறார்கள். கணவர் காலமாகிவிட்டார். சொந்த வீட்டில் தனியாக வசிக்கிறேன்.

என்னைப் பற்றித் தெருவிலும் இந்தக் காவல் நிலையத்திலும் சொல்லப்படும் ஒன்றை முதலில் மறுக்கிறேன். என் வீட்டு மொட்டைமாடியில் உள்ள மழைமானிக்குள் நான் தண்ணீர் ஊற்றவில்லை. ஞாபகம் தப்பிப்போய் ஊற்றினேன் என்பதும் பொய். இரண்டாவது பொய்யைச் சொன்னவன் என் மகன் என்பதால் அதைத் தனியாக எழுதிக்கொள்ளச் சொன்னேன்.

கோடையில் நகராட்சியின் வானிலைப் பிரிவுப் பொறியாளர் என் வீட்டுக்கு வந்து, நகரம் முழுவதும் தானியங்கி வானிலை நிலையங்கள் அமைக்கப்படுவதாகவும் என் மாடி அதற்குத் தோதாக இருப்பதாகவும் கூறி அனுமதி கேட்டார். என் வீட்டுக்குப் பின்னால் உள்ள தெரு பள்ளத்தில் இருக்கிறது. போன வருடம் மழை விட்டு வெயிலும் வந்த பிறகுதான் கால்வாய் பொங்கி அங்கே இடுப்பளவு தண்ணீர் ஏறியது. யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை. இனிமேல் மழை அளவு கூடினால் அந்தத் தெருக்காரர்களின் கைபேசிகளுக்கு எச்சரிக்கை தானாகவே போய்விடும் என்று பொறியாளர் சொன்னதால் சம்மதித்தேன். கருவியைத் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் வைக்கக்கூடாது, கிழக்கு மூலையில் வைக்க வேண்டும் என்று மட்டும் கேட்டேன். அவர் தலையாட்டினார்.

அதன் பின் ஆட்கள் கம்பம், காற்றின் வேகத்தை அளக்கும் கிண்ணங்கள், சோலார் தகடு, மழைமானி எல்லாவற்றையும் கொண்டுவந்து மாடியில் இறக்கினார்கள். கிழக்கு மூலை என்றால் புதிதாக சிமென்ட் மேடை கட்ட வேண்டும். தொட்டிப் பக்கம் பழைய இரும்பு ஏணி ஒன்று ஏற்கெனவே நின்றது. கம்பத்தை அதோடு சேர்த்து முடுக்கிவிட்டு, நான் மேலே ஏறிப் போவதற்குள் கருவிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார்கள். தொட்டி நிரம்பினால் தண்ணீர் வெளியேறும் குழாயின் வாய் மழைமானிக்கு நேர் மேலே இருந்தது. அதை உடன் வந்திருந்த பொறியாளருக்குச் சுட்டிக் காட்டினேன். அவர் ஆட்களைப் பார்த்துச் சிரித்துவிட்டு, “மேடம், இது துணி காயப்போடற கொடி இல்ல. இதுக்குன்னு ஒரு சயின்ஸ் இருக்கு” என்றார். “அந்த சயின்ஸை இந்தக் குழாய் கிட்டயும் ஒரு வார்த்தை சொல்லிட்டுப் போங்க” என்றேன். ஆட்கள் சிரித்தார்கள், அவர் சிரிக்கவில்லை. சார் உயிரோடு இருந்திருந்தால் புரிந்துகொண்டிருப்பார் என்று சொல்லிக்கொண்டே படியிறங்கினார். என் கணவருக்கு மோட்டார் சுவிட்ச் எந்தச் சுவரில் இருக்கிறது என்பதே கடைசிவரை தெரியாது.

சம்பவத்தன்று மதியம் தொட்டிக்குத் தண்ணீர் ஏற்ற மோட்டாரைப் போட்டேன். அப்போது என் மகன் தொலைபேசியில் அழைத்தான். இந்த வயதில் நான் தனியாகச் சமாளிக்க முடியாது, வீட்டை அவன் பொறுப்பில் எழுதிக் கொடுத்துவிட்டு அவனோடு வந்து இருக்க வேண்டும் என்பதே பேச்சு. மோட்டாரை நிறுத்திவிட்டு வருகிறேன் என்று இருமுறை சொன்னேன். பேச்சை மாற்றுகிறேன் என்று கோபித்துக்கொண்டு, போனை வைக்க வேண்டாம் என்றான். வைக்கவில்லை. தொட்டி நிரம்பிக் குழாய் வழியாகத் தண்ணீர் போனது. நிரம்பினால் வழிவதற்காகத்தான் அந்தக் குழாய் இருக்கிறது. அது தன் வேலையைச் செய்தது.

அதன் பின் பின்தெருவில் எல்லாக் கைபேசிகளும் ஒரே நேரத்தில் கத்தின. கனமழை, தாழ்வான பகுதியில் உள்ளவர்கள் உடனே வெளியேறவும் என்று செய்தி. வெளியே நல்ல வெயில். போன வருடம் வெயிலை நம்பி ஏமாந்தவர்கள் ஆதலால் யாரும் வானத்தைப் பார்த்துக்கொண்டு நிற்கவில்லை. எனக்குத் துணி தைக்கும் பெண் தன் தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறுகையில் வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டை உடைத்துக்கொண்டாள். அதன் பின் தெருவே என் வாசலுக்கு வந்தது. கிழவி விளையாடுகிறாள் என்று ஒருவர் சொன்னார். நான் கதவைச் சாத்தவில்லை. வந்தவர்களில் இரண்டு பேரை மாடிக்கு அழைத்துப் போய் ஈரத்தைக் காட்டினேன்.

மறுநாள் காலை தையல்காரியைப் பார்க்கப் போனேன். கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டிருந்தாள். என்மேல் கோபமில்லை என்றாள். பிறகு சொன்னாள்: “ஆனா அடுத்த தடவை இந்த போன் கத்துச்சுன்னா நான் எழுந்திரிக்கவே மாட்டேம்மா. இந்தத் தெருவுல ஒருத்தரும் எழுந்திரிக்க மாட்டாங்க.”

அதன் பின் வீட்டுக்குத் திரும்பினால் பொறியாளர் மாடியில் நின்றிருந்தார். நான் மாடி கழுவும்போது தண்ணீர் ஊற்றிவிட்டதாக அறிக்கை எழுதப் போவதாகச் சொன்னார். கருவியில் கோளாறில்லை, அதற்குள் எவ்வளவு தண்ணீர் விழுந்ததோ அவ்வளவைச் சரியாக அளந்திருக்கிறது என்றும் பெருமையாகச் சொன்னார். நேற்று நடந்தது என்னவென்று காட்டுகிறேன், மழைமானிக்குப் பக்கத்திலேயே நில்லுங்கள் என்று சொல்லிவிட்டுக் கீழே போய் மோட்டாரைப் போட்டேன். நேற்று நிரம்பி வழிந்த தொட்டியில் கொஞ்சம்தான் குறைந்திருந்தது. குழாயிலிருந்து வந்த தண்ணீர் அவர் தலையிலும் சட்டையிலும் மடிக்கணினியிலும் விழுந்தது. பின்தெருவில் கைபேசிகள் மறுபடியும் கத்தின. தையல்காரி சொன்னது போலவே ஒருவரும் வெளியே வரவில்லை. அரசு ஊழியர்மீது தண்ணீர் ஊற்றியதாக என்மேல் உள்ள புகார் இதுதான். மோட்டாரைப் போட்டது நான். அதை மறுக்கவில்லை.

அதன் பின் என்னை இங்கே வரவழைத்தார்கள். எனக்கு முன்பே என் மகன் வந்து ஆய்வாளரோடு பேசிக்கொண்டிருந்தான். நான் வாய் திறப்பதற்குள் என் வாக்குமூலம் தயாராக இருந்தது. வயோதிகத்தால் எனக்கு ஞாபகக் குறைவு உண்டு, செய்வது அறியாமல் செய்துவிட்டேன், மன்னிக்க வேண்டும் என்று அதில் இருந்தது. எழுத்தர் பேனாவை எடுக்காமல், கைநாட்டு வைக்க மைப்பெட்டியை என் பக்கம் தள்ளினார். கன்னியாஸ்திரீகளின் பள்ளியில் கையெழுத்துக்குப் பரிசு வாங்கியவள் நான் என்று அவருக்குத் தெரிவித்தேன்.

ஆய்வாளர், “பாட்டிம்மா, கேஸெல்லாம் எதுக்கு? வெச்சுட்டு வீட்டுக்குப் போங்க” என்றார். அவருக்கு நான் பாட்டி இல்லை என்றேன். மகன் என் காதருகே குனிந்து, “ஒரு வரிதானேம்மா, உன்னைக் காப்பாத்தத்தான் சொல்றேன்” என்றான். “அந்த ஒரு வரிய வெச்சுத்தானே நாளைக்கு வீட்டை எழுதி வாங்குவே?” என்று கேட்டேன். அவன் எழுந்து வெளியே போய்விட்டான். இன்னும் திரும்பி வரவில்லை.

அந்தத் தாளில் நான் கையெழுத்திடவில்லை. அதை இத்துடன் இணைக்கக்கூடாது. வழக்குப் போடுவதானால் நினைவு தெளிவாக உள்ளவள்மீது போடட்டும். நேற்றிலிருந்து மேற்கே கருத்துக்கொண்டு வருகிறது. கருவி இன்னும் ஏணியிலேயே நிற்கிறது.

இதுவரை உள்ளது நான் சொல்ல எழுதப்பட்டது. வரி வரியாக நானே படித்தேன். கூடுதலாகவோ குறைவாகவோ ஒன்றும் இல்லை. கீழே இருப்பது என் கையொப்பம்.

மழைமானியைத் தொட்டிப் பக்கம் வைக்க முடிவெடுத்தவர் யார், அதை என்றைக்குக் கிழக்கு மூலைக்கு மாற்றுவார்கள், பின்தெருக்காரர்களிடம் இதை யார் நேரில் போய்ச் சொல்வார்கள் என்பதற்கு எனக்கு எழுத்து மூலம் பதில் வேண்டும். உறையின்மேல் என் மகன் பெயரை எழுதாமல் என் பெயரை எழுதி அனுப்பவும்.