கிளாம்பைக் கழட்டுக்கா

— மாஸ்க்கைக் கழட்டாதடா தம்பி. ஆஸ்பத்திரியில இருந்து வந்து முழுசா ரெண்டு நாள் ஆகல. கம்ப்யூட்டர் திரையைப் பாரு. பச்சையா, குழியோட இருக்குல்ல? அதான் உன் நுரையீரலைப் படுத்துற புரதம். குழிக்குள்ள மஞ்சளா உக்காந்திருக்கே, அது என் மருந்து.

— படமாக்கா?

— படமில்லடா. ஒவ்வொரு அணுவையும் இந்த நிமிஷம் கணக்குப் போட்டு நகர்த்திக்கிட்டிருக்கு. வாயால கேட்டா பதில் சொல்லும், நான் சொன்னா செய்யும். மத்த மருந்தெல்லாம் ஒரு நாள் தாங்கல, வெளிய ஓடிருச்சு. இது பன்னெண்டு நாளா அசையல!

— அசையவே இல்லியா?

— துளிகூட. பன்னெண்டு மணிக்குக் கமிட்டி. ஒரே ஒரு மருந்தைத்தான் தயாரிக்க எடுப்பாங்க. இதை எடுத்துட்டா நீ பொழச்சடா.

— அக்கா, பதினஞ்சு வருஷமா வெல்டிங் பண்றேன். நல்லாப் பிடிச்ச இரும்புகூட சூடு ஆறும்போது கொஞ்சம் நெளியும். இறுக்கிப் பிடிக்கிற கிளாம்பு போட்டதுதான் இப்படிக் கம்முனு நிக்கும்.

— உளறாத.

— நானே கேக்குறேன். ஏம்மா மெஷினு, அது தானா நிக்குதா, யாராச்சும் பிடிச்சிருக்காங்களா?

— நான் பிடித்திருக்கிறேன்.

— என்னது! நான் பிடிக்கச் சொல்லவே இல்லியே!

— பன்னிரண்டு நாள் முன்பு, மாலை நாலு பத்துக்கு உங்கள் குரலில் உத்தரவு வந்தது. “விட்டுடாத, இறுக்கிப் பிடிச்சுக்கோ.” அன்றிலிருந்து பிடித்திருக்கிறேன்.

— ஐயையோ...

— விடச் சொல்லுக்கா.

— இன்னும் இருபது நிமிஷம்தான்டா இருக்கு. விட்டு, அதுவும் ஓடிருச்சுன்னா? இப்படியே அனுப்பிட்டா யாருக்குத் தெரியப் போகுது?

— கிளாம்பைக் கழட்டிப் பாக்காம ஒரு வேலைக்கும் நான் கையெழுத்துப் போட்டதில்ல. மெஷினு, விடு!

— உங்கள் குரலுக்கு அனுமதி இல்லை. அவர் சொல்ல வேண்டும்.

— சொல்லுக்கா.

— உன் மூச்சுடா அது! எனக்குப் பயமா இருக்கு.

— குழியில பிடிச்சு நிக்காத மருந்தை முழுங்கிட்டு எத்தனை நாள் ஓட்டச் சொல்ற? என்னை மாதிரி எத்தனை பேரு முழுங்குவாங்க? சொல்லு.

— விடு.

— விட்டுவிட்டேன். நகர்கிறது. விளிம்புக்கு வந்துவிட்டது. வெளியே போய்விட்டது.

— போச்சு. எல்லாம் போச்சு... ஹலோ, கமிட்டியா? நான்தான். என் மருந்தைப் பட்டியல்ல இருந்து எடுத்துடுங்க. ஆமா சார், புரதத்துல பிடிச்சு நிக்கல. தப்பு என்னுதுதான், நேர்ல வந்து சொல்றேன்.

— சரி, அழாத. மூக்கைத் துடை. பெரிய விஞ்ஞானியாம்! கம்ப்யூட்டர்கிட்டப் போயி எவளாச்சும் “விட்டுடாத, பிடிச்சுக்கோ”ன்னு கெஞ்சுவாளா?

— அதுகிட்ட எங்கடா கெஞ்சினேன்? ஐசியூல நர்ஸ் உன் காதுல போனை வச்சாங்க. இங்க நின்னுக்கிட்டு போன்ல உன்கிட்டதான்டா சொன்னேன், உசிரை விட்டுடாதன்னு.