வண்டிக்கு ஒரு பொடி

மேடையில் அமர்ந்திருக்கும் இயக்குநர் அவர்களே, ஸ்மோல்யான் மலையிலிருந்து வண்டி பிடித்து வந்திருக்கும் சகோதரிகளே, சக மருத்துவர்களே, செவிலியர்களே!

டாக்டர் ல்யூபென் கராஜோவ் மறைந்துவிட்டார். கதிர்வீச்சுத் துறையில் இருபது ஆண்டுகள் அவரோடு சண்டை போட்டவன் நான். அந்த உரிமையில் பேசுகிறேன்.

கதிர்வீச்சு புற்றுநோயைச் சுடும். கூடவே குடலையும் சுடும்; வயிற்றுப்போக்கு நிற்காது. சிகிச்சைக்கு வந்துபோகும் மலைப்பாதையில் வண்டியை நிறுத்தச் சொல்ல வெட்கப்பட்டு, சிகிச்சையையே பாதியில் விட்ட பெண்கள் எத்தனை பேர்? அவர்களில் எத்தனை பேர் இன்று உயிரோடு இருக்கிறார்கள்? அந்தக் கேள்வி ல்யூபெனைத் தூங்கவிடவில்லை. குடலைக் காக்கக்கூடும் என்று நல்ல நுண்ணுயிர்ப் பொடியைக் கையில் எடுத்தார். ஒப்பிட்டுப் பார்க்க, பாதிப் பேருக்கு அந்தப் பொடி, மீதிப் பேருக்கு வெறும் மாவு. யாருக்கு எது என்று யாருக்கும் தெரியாது.

தயிருக்குப் பேர்போன நம் நாட்டில் பொட்டலத்தில் கிருமி கொடுக்கிறாரே என்று அன்று நோயாளியாக வந்து, இன்று ஊரிலிருந்து வண்டிகளை ஏற்பாடு செய்து அனுப்பும், முன்வரிசையில் இருக்கும் நெவெனா அக்கா கேலி செய்தார். ஆனால் வாங்கிக்கொண்டார்.

பிறகு நடந்தது என்ன? வண்டியில் ஏறியதும் எல்லாப் பொட்டலங்களையும் ஒரே கிண்ணத்தில் கொட்டிக் கலந்து, ஆளுக்கொரு கரண்டி சாப்பிட்டிருக்கிறார்கள்! ஓராண்டு உழைப்பு பாழ். நான் கொதித்துப்போய்க் கேட்டேன். அக்கா அசரவே இல்லை.

"பக்கத்துல ஒருத்தி வயித்தப் புடிச்சுக்கிட்டு சுருண்டு கெடக்கா. நல்ல பொடி என்கிட்ட இருந்தா, அவளுக்குக் குடுக்காம நான் மட்டும் எப்படித் திங்கிறது?"

வேறு நோயாளிகளைப் பிடிப்போம் என்றேன். ல்யூபென் சிரித்தார்.

"அவங்க மேல தப்பில்லய்யா, நம்ம திட்டந்தான் தப்பு. இனிமே ஆளுக்கு ஆள் வேண்டாம், வண்டிக்கு வண்டி குடுப்போம். ஒரு வண்டி முழுக்க நல்ல பொடி, இன்னொரு வண்டி முழுக்க மாவு. ஆசை தீரப் பங்கு போட்டுக்கட்டும்."

நோயாளியின் நல்ல மனசுக்கு ஏற்ப ஆய்வையே வளைத்த மனிதரை நீங்கள் வேறெங்கே பார்த்திருக்கிறீர்கள்?

இப்போது பாதி வண்டிகள் முடிந்திருக்கின்றன. அவர் நினைவாக, பொடி வென்றது என்று இங்கே அறிவித்துவிடலாமே என்று நேற்று சிலர் கேட்டார்கள். மறுத்துவிட்டேன். வெல்லும் என்றுதான் நானும் நம்புகிறேன். ஆனால் என் நம்பிக்கையை ல்யூபென் ஒருநாளும் சாட்சியாக ஏற்றதில்லை.

ஆள் போனதோடு ஆய்வும் போய்விடுமா என்று சகோதரிகள் வாசலில் கேட்டார்கள். போகாது. கடைசி வண்டி வரும்வரை நடக்கும். முடிவு எதுவானாலும், நமக்குப் பிடிக்காததாகவே இருந்தாலும், ல்யூபென் பெயரைப் போட்டு அதை அப்படியே அச்சிடுவோம். இது என் வாக்கு.

திங்கட்கிழமை வண்டியை அனுப்புங்கள், அக்கா. வாசலில் நான் நிற்பேன்.